குழந்தைக்கு வால் இருந்தால்

(மூத்தோர் நிலையம் ஒன்றில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் தாத்தா பாட்டிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவிப்புப் பலகையில் இன்றைய தலைப்பைப் படித்துவிட்டுச் சிலர் சிரித்ததை நான் பார்த்தேன். போன மாதம் நீரிழிவு, அதற்கு முந்திய மாதம் வழுக்கி விழாமல் நடப்பது எப்படி. இந்த மாதம் மட்டும் என்ன வாலும் கதையும், இது நம் வயதுக்கு எதற்கு என்று ஒரு ஐயா சத்தமாகவே கேட்டார்.

ஐயா, இது நம் வயதுக்குத்தான். பிள்ளையைப் பெற்றவள் அலுப்பில் படுத்திருக்கிறாள். தகப்பன் பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறான். அப்போது சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் கால்மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது யார்? பாட்டிதானே. அந்த வீட்டில் குழந்தையின் முதுகை முழுதாகப் பார்க்கும் முதல் ஆள் நீங்கள்தான். அதனால்தான் இந்தப் பேச்சு உங்களுக்கு.

முதலில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டேன்.

1990-களின் நடுவில் நான் வெளிநோயாளிப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒன்பது வயதுப் பெண் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு அம்மாவும் பாட்டியும் வந்தார்கள். அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் உடையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறார்கள், அடித்திருக்கிறார்கள், பொழுது சாய்ந்தபின் தண்ணீர் கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள். பிள்ளையின் காலணியைப் பார்த்தேன். இடதுகால் காலணி மட்டும் முன்பக்கம் தேய்ந்து போயிருந்தது. காலைப் பார்த்தால், இடது பாதம் வலது பாதத்தைவிடச் சிறியது.

மருத்துவர் பிள்ளையின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே, நடுவில், பத்துக் காசு அளவில் ஒரு தழும்பு. "பிறந்தபோது இங்கே ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை டாக்டர், சின்னதில் வந்த கட்டி" என்றார் அம்மா. பாட்டி வாயைத் திறக்கவில்லை.

சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பிள்ளையை நான் அழைத்துப் போனபோது பாட்டி பின்னாலேயே வந்தார். "மிஸ்ஸி, ஒண்ணு சொல்லணும். என் மருமக மேல கோபப்படாதீங்க" என்று ஆரம்பித்தார்.

அந்தப் பிள்ளை வாலோடு பிறந்திருக்கிறது. பாதிச் சுண்டுவிரல் நீளம். அழும்போது கொஞ்சம் அசையுமாம். இன்னொரு நாள் கொண்டுவந்து காட்டுங்கள் என்று மருத்துவமனையில் தேதி கொடுத்தார்கள். இவர்கள் போகவில்லை. பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் யாராவது ஏதாவது சொல்வார்களே என்ற பயம். மருவுக்குக் குதிரைமுடி கட்டுகிற ஒரு அம்மாவை வீட்டுக்கு அழைத்துக் கட்டவைத்தார்கள். அது கறுத்துக் காய்ந்து விழுந்துவிட்டது. பாட்டி துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டார். பிள்ளையின் தகப்பனுக்குக்கூடத் தெரியாது. ஒன்பது வருடம் அந்தப் பாட்டி இதை மனத்திலேயே வைத்திருந்தார்.

வால் போனது. வாலுக்கு அடியில் இருந்தது போகவில்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

வால் எப்படி வருகிறது? தாயின் வயிற்றில் நமக்கெல்லாம் வால் இருந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும், எனக்கும். கரு உருவான நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை, நாம் பச்சைப்பயறு அளவில் இருந்தபோது, பின்பக்கம் ஒரு சிறு வால் இருக்கும். எட்டாவது வாரம் முடிவதற்குள் உடம்பே அதை உள்வாங்கிக்கொள்ளும். மிச்சம்தான் நாம் தடுமாறி உட்கார்ந்தால் வலிக்கிறதே, அந்த வால் எலும்பு. மூன்று முதல் ஐந்து சிறு எலும்புகள் ஒன்றாக ஒட்டியது. எப்போதோ ஒரு குழந்தைக்குப் பிறந்தபிறகும் அந்த இடத்தில் வால் போல ஒன்று இருக்கும். உலகம் முழுவதும் மருத்துவ இதழ்களில் பதிவானவற்றை எண்ணினாலும் சில நூறைத் தாண்டாது. நாற்பது வருடம் தாதியாக இருந்தேன், என் கண்ணால் நான் பார்த்தது இரண்டுதான்.

பெரும்பாலும் அந்த வாலில் தோல், கொழுப்பு, கொஞ்சம் தசை, நரம்பு, இரத்தக்குழாய் இவைதான் இருக்கும். நாய், பூனை, குரங்கு வாலில் இருப்பதுபோல வரிசையாக எலும்பு இருக்காது. இன்னும் சில குழந்தைகளுக்கு வால் மாதிரி தெரிவது உண்மையில் கொழுப்புக் கட்டியாகவோ, வால் எலும்பின் நுனி வெளியே துருத்தியதாகவோ, வேறு கட்டியாகவோ இருக்கலாம். கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. மருத்துவராலேயே முடியாது, அதனால்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள்.

இப்போது முதுகுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். வெற்றிலை மடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கருவின் முதுகில் முதலில் ஒரு தட்டையான இலை போன்ற படலம் இருக்கும். அதன் இரண்டு ஓரமும் எழுந்து, மடிந்து, நடுவில் சேர்ந்து குழாய் ஆகும். அந்தக் குழாயின் மேல்முனை மூளை, மீதி தண்டுவடம். தண்டுவடம் என்பது முதுகெலும்புக்குள் ஓடுகிற தடித்த நரம்புக் கயிறு. இது கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிவிடும். பெரும்பாலான பெண்களுக்கு அப்போதுதான் 'தள்ளிப் போயிருக்கிறதே' என்ற சந்தேகமே வரும்.

இந்தக் குழாயும், அதன்மேல் வரவேண்டிய எலும்பும் தோலும் சரியாகச் சேராமல் போனால் முதுகில் குறை வருகிறது. திறந்தபடி இருந்தால் பிறந்தவுடனே எல்லோருக்கும் தெரியும். சில குழந்தைகளுக்கு மேலே தோல் நன்றாக மூடியிருக்கும், உள்ளே மட்டும் குறை இருக்கும். அப்படி உள்ளே இருப்பதற்கு வெளியே ஒரு அடையாளம் தெரியலாம். வால் அப்படி ஒரு அடையாளம். முன்பு பதிவான வால் குழந்தைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதுகெலும்பு மூடுவதில் ஏதோ ஒரு குறை இருந்தது. மீதிப் பாதிக்கு ஒன்றும் இல்லை. ஆகவே வால் இருந்தாலே ஆபத்து என்று நினைத்து அழவும் வேண்டாம், வெறும் சதைதானே என்று விட்டுவிடவும் வேண்டாம்.

உள்ளே குறை இருந்தால் என்ன ஆகும்? பிள்ளை வளர வளர முதுகெலும்பு நீளும். தண்டுவடத்தின் நுனி உள்ளே தடையில்லாமல் மேலே நகர வேண்டும். வழக்கமாக அது இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். கீழே கொழுப்போ நாரோ அதைப் பிடித்துக் கட்டிவைத்திருந்தால், முளையில் கட்டிய கன்றின் கயிறு போல அது இழுபடும். நரம்பு இழுபட்டால் வேலை செய்யாது. சிறுநீர் அடங்காது, மலம் கட்டும் அல்லது கசியும், ஒரு கால் வலுவிழக்கும், பாதம் வளையும், முதுகு கோணும். பிறந்தபோது உதைத்து விளையாடிய பிள்ளைக்கு ஏழு, எட்டு, பத்து வயதில்கூட இது வரலாம். உயரமாக வளரும் பருவத்தில் கூடுதலாகத் தெரியும். அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். அதற்குத்தான் அடி விழுந்தது.

வாலைவிட அதிகமாகக் கண்ணில் படக்கூடிய வேறு அடையாளங்களும் உண்டு. குழந்தையைக் குப்புறப் போட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இடுப்புக்குக் கீழே நடுக்கோட்டில் மெத்தென்ற கட்டி, ஒரு கொத்து முடி, சிவந்த மறு, புட்டப் பிளவு நேராக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து அல்லது இரண்டாகப் பிரிந்து போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு அடையாளம் சேர்ந்திருந்தால் கட்டாயம். குழியும் அப்படித்தான். புட்டப் பிளவுக்குள்ளேயே ஆழமில்லாத சின்னக் குழி பல குழந்தைகளுக்கு இருக்கும், அதனால் தொந்தரவு இல்லை. குழி பிளவுக்கு மேலே ஏறி இருந்தாலோ, அகலமாக இருந்தாலோ, அடி தெரியாத அளவு ஆழமாக இருந்தாலோ காட்டுங்கள். அதிலிருந்து நீர் கசிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

ஒன்றை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இடுப்பிலும் புட்டத்திலும் நீலமாக, அடிபட்டது போல, திட்டுத் திட்டாக நிறம் இருக்கும். மலாய், சீனக் குழந்தைகளுக்கும் உண்டு. வெறும் நிறம்தான், சில வருடங்களில் மங்கிவிடும். பணிப்பெண் கிள்ளிவிட்டாள் என்று சண்டை போட்ட வீடு எனக்குத் தெரியும்.

வால் இருந்தால் என்ன செய்யக்கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நூல் கட்டாதீர்கள், முடி கட்டாதீர்கள், வெட்டாதீர்கள், சூடு வைக்காதீர்கள். உள்ளே தண்டுவடத்தைச் சுற்றியிருக்கிற உறை அந்த வாலுக்கு அருகிலேயே வந்து நிற்கலாம். அது கிழிந்தால் நீர் கசியும், கிருமி உள்ளே போனால் மூளைக்காய்ச்சல் வரும், உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் வராமல் தப்பினாலும் இன்னொரு கேடு உண்டு. மருத்துவர் பார்த்து எச்சரிக்கையாக இருப்பதற்கு வெளியே இருந்த ஒரே அடையாளத்தையும் நாம் அழித்துவிடுகிறோம். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிற அம்மாவை வரவழைத்தால், அந்த இடத்தை அழுத்த வேண்டாம், இழுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. மருத்துவமனையில் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் வீட்டுக்கு அனுப்புமுன் மருத்துவர் சோதிப்பார், முதுகையும் பார்ப்பார். பிறகு மஞ்சள்காமாலைக்கும் தடுப்பூசிக்கும் பலதுறை மருந்தகத்துக்குப் போகிறீர்கள் அல்லவா, அப்போது அரையாடையைக் கழற்றிக் காட்டி, "இதைப் பாருங்கள்" என்று சொன்னால் போதும். முன்பே சொல்லியிருக்கிறார்களா என்று பிள்ளையின் சுகாதாரக் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். தேதி கொடுத்திருந்தால் தவற விடாதீர்கள்.

சீக்கிரம் போவதில் ஒரு நன்மை இருக்கிறது. முதல் மூன்று நான்கு மாதங்களில் குழந்தையின் முதுகெலும்பின் பின்பக்கம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அதனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எடுத்தார்களே, அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தண்டுவடம் தெரியும். வலி இல்லை, மயக்க மருந்து இல்லை. எலும்பு முற்றிவிட்டால் அந்த ஸ்கேனில் உள்ளே தெரியாது. வால் இருக்கிற குழந்தைக்கு எம்ஆர்ஐ ஸ்கேனும் பார்ப்பார்கள். அதில் கதிர்வீச்சு கிடையாது, ஆனால் பிள்ளை அசையக்கூடாது. சிறு குழந்தை என்றால் பால் கொடுத்துத் துணியில் சுற்றித் தூங்கவைத்தே எடுத்துவிட முடியும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு மயக்க மருந்து தேவைப்படும்.

ஸ்கேனில் உள்ளே ஒன்றும் இல்லை என்றால், வாலை எடுப்பது சிறிய அறுவை சிகிச்சைதான், அவசரமும் இல்லை. தண்டுவடம் கட்டுப்பட்டிருந்தால், குழந்தைகளுக்கான நரம்பு அறுவை மருத்துவர் அதை விடுவித்து வாலையும் எடுப்பார். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த அறுவையின் முக்கிய வேலை, குறை மேலும் முற்றாமல் நிறுத்துவது. ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பு முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

அந்தப் பெண் பிள்ளைக்கும் அப்படித்தான். பாட்டி சொன்னதை நான் மருத்துவரிடம் சொன்னேன். ஸ்கேன் எடுத்தார்கள், கொழுப்பு தண்டுவடத்தைப் பிடித்திருந்தது, அறுவை செய்தார்கள். கால் பலவீனம் அந்த அளவில் நின்றது, பழைய நிலைக்கு வரவில்லை. சிறுநீருக்கு மெல்லிய குழாயைத் தானே நுழைத்து எடுக்கப் பழகிக்கொண்டாள். ஈரமில்லாமல் பள்ளிக்கூடம் போனாள். அந்தக் குழாயை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று எங்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, வீட்டில் பேத்திக்கு எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமா? அந்தப் பாட்டிதான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பயந்தது வாலுக்கு இல்லை, பேச்சுக்கு. மருமகள் கிரகணத்தில் வெளியே போனாள், மெக்ரிச்சி பக்கம் நடக்கப்போய்க் குரங்கைப் பார்த்தாள், போன பிறவிப் பாவம், இப்படியெல்லாம் நாம்தானே பேசுகிறோம்? இவற்றில் எதனாலும் வால் வராது. தாய் செய்த எந்தத் தவறாலும் வராது. இன்னொரு பக்கம், இது அனுமன் கொடுத்த குறி, தொடக்கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. வட இந்தியாவில் அப்படிச் சில பிள்ளைகளை வணங்கியதாகச் செய்தி வந்ததுண்டு. நானும் சனிக்கிழமை வடைமாலை சாத்துகிறவள்தான். பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டு போங்கள், அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

உங்கள் கேள்விகள் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

ஒரு ஐயா கேட்டிருக்கிறார்: குரங்கிலிருந்து வந்தோம் என்பதற்கு இது சாட்சியா? பிறக்கும் குழந்தையின் வாலில் எலும்பு வரிசை இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதனால் குரங்கு வால் திரும்பி வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 2024-இல் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு சுவையான கட்டுரை வந்தது. சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோரின் வால் மறைந்ததற்கு ஒரு மரபணு மாற்றம் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதே போன்ற மாற்றத்தை எலிகளில் செய்து பார்த்தபோது வால் குட்டையானது, சிலவற்றுக்கு வாலே இல்லை. சில எலிக்குட்டிகளுக்குத் தண்டுவடம் மூடாத குறையும் வந்தது. வாலும் தண்டுவடமும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்.

ஒரு அம்மா கேட்கிறார்: மகள் அடுத்த பிள்ளைக்கு யோசிக்கிறாள், வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறதா? வாலைத் தடுக்கும் மாத்திரை என்று எதுவும் இல்லை. ஆனால் முதுகு திறந்தபடி பிறக்கும் குறையை ஃபோலிக் அமிலம் பெருமளவு குறைக்கும். அப்படி ஒரு பிள்ளை ஏற்கெனவே பிறந்த தாய்மார்களிடம் பிரிட்டன் தலைமையில் நடந்த ஆய்வில், அடுத்த பிள்ளைக்கு வருவது 72 விழுக்காடு குறைந்தது. 1991-இல் அதன் முடிவு வெளியானது. பிள்ளைக்குத் திட்டமிடும் எல்லாப் பெண்களும், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து முதல் மூன்று மாதம் முடியும்வரை தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். கீரையும் பருப்பும் நல்லதுதான், நானும் சமைக்கிறேன், ஆனால் மாத்திரைக்குப் பதில் ஆகாது. கர்ப்பம் உறுதியான பிறகு ஆரம்பித்தால் அந்த 28 நாள் போய்விடும். காக்காய் வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள், முன்பு இப்படிப் பிள்ளை பெற்றவர்கள் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்க வேண்டும்.

செலவு பற்றி ஒருவர் கேட்டார். சிங்கப்பூர்க் குடிமக்களாகப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்தே மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி உண்டு, பிறவிக் குறைபாடுகளும் அதில் அடங்கும். மீதிக்கு மெடிசேவ் இருக்கிறது. அதற்கும் மேல் சிரமம் என்றால் மருத்துவமனையின் சமூக சேவை ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒரு துண்டுச்சீட்டு, பெயர் போடவில்லை. "முன்பே கட்டி எடுத்துவிட்டோம், பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது, நன்றாக ஓடுகிறான். இப்போது சொல்ல வேண்டுமா?" என்று எழுதியிருக்கிறது. சொல்லுங்கள். மகனிடமோ மருமகளிடமோ சொல்லி, பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோய்த் தழும்பைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வருடம் ஆனாலும் ஸ்கேன் எடுக்கலாம். சிறுநீர் கசிவு, அடிக்கடி இடறுவது, ஒரு காலணி மட்டும் தேய்வது, இடுப்பு வலி என்று ஏதாவது தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். மருத்துவருக்கு வேண்டியது அந்தத் தகவல்தான்.

தேநீர் வந்துவிட்டது. நான் ஐந்து மணி வரை பக்கத்து அறையில் இருப்பேன். தனியாகப் பேச வேண்டும் என்றால் வாருங்கள், கதவைச் சாத்திக்கொள்ளலாம்.